கரண்ட் இருக்கும்போதே இறங்கும் பவர் பேங்க்: மலைப்பக்கத்து வீடுகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நீலகிரியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் பிறந்தால் கரண்ட் போகும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் போகும். மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டால், லைன்மேன் மழையில் நனைந்தபடி வந்து சேர்த்துக் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலை என்று பெருமை பேசிக்கொண்டே மெழுகுவத்தி தேடுகிற ஊர் நம்முடையது. வீட்டிலிருந்தே வேலை, பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, வாசலில் கரடி வருகிறதா என்று பார்க்க ஒரு வைஃபை கேமரா என்று ஆனபிறகு மெழுகுவத்தியால் என்ன பயன்? அதனால் பல வீடுகளில் ஒரு பவர் பேங்க் எந்நேரமும் அடாப்டரில் செருகியபடி கிடக்கிறது. அதன் இன்னொரு பக்கத்தில் ரவுட்டரோ கேமராவோ விளக்கோ தொங்குகிறது.

இப்படி ஒரே நேரத்தில் தானும் சார்ஜ் ஏறி, பிறருக்கும் கரண்ட் கொடுப்பதை ‘பாஸ் த்ரூ’ என்பார்கள். இந்த ஏற்பாட்டில் வரும் புகார்களில் பெரும்பாலானவை பவர் பேங்க் கெட்டுப்போனதால் வருபவை அல்ல. வரவைவிடச் செலவு அதிகமாக இருக்கும், அல்லது யூ.பி.எஸ். செய்யும் வேலையைப் பவர் பேங்க்கிடம் எதிர்பார்த்திருப்போம். எனவே புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன் கீழே உள்ளவற்றில் உங்கள் கோளாறு எது என்று பாருங்கள்.

கையில் இரண்டு பொருள் இருந்தால் போதும். ஒன்று, வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் யூ.எஸ்.பி. டெஸ்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இன்னொன்று, பேட்டரி இல்லாத சாதாரண யூ.எஸ்.பி. எல்.இ.டி. விளக்கு. போனை வைத்துச் சோதிக்காதீர்கள். அதற்குள்ளேயே பேட்டரி இருப்பதால், நடுவில் கரண்ட் ஒரு கணம் அறுந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. விளக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை. பவர் பேங்க்கில் இருப்பது லித்தியம் அயனி செல். அதன் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2 வோல்ட். யூ.எஸ்.பி.க்கு வேண்டியதோ 5 வோல்ட். ஆகவே உள்ளே வரும் 5 வோல்ட்டை இறக்கி செல்லில் ஏற்ற ஒரு சுற்று, செல்லில் இருப்பதை உயர்த்தி வெளியே அனுப்ப இன்னொரு சுற்று. பாஸ் த்ரூ உள்ளவற்றில் இரண்டு ஜாதி உண்டு. முதல் வகையில் எல்லாமே செல் வழியாகத்தான் போகும்: ஒருமுறை இறக்கி, ஒருமுறை உயர்த்தி. இரண்டாவது வகையில் அடாப்டரிலிருந்து வரும் கரண்ட் நேராக வெளியே போய்விடும். மிச்சம் இருப்பதுதான் செல்லுக்கு. கரண்ட் நின்றால் மட்டும் செல் கைகொடுக்கும். உங்களுடையது எந்த வகை என்பது அட்டைப்பெட்டியில் இருக்காது. கோளாறுதான் சொல்லும்.

கரண்ட் போன நொடியில் ரவுட்டர் அணைந்து, மறுபடி உயிர்பெறுகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். கரண்ட் போகிறது, ரவுட்டர் விளக்கெல்லாம் அணைந்து மீண்டும் எரிகிறது, இணைப்பு வர இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் மீட்டிங்கிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

இது இரண்டாவது வகைப் பவர் பேங்க்கின் குணம். உள்ளே வரும் கரண்ட் நின்றதை உணர்ந்து, உயர்த்தும் சுற்று விழித்து 5 வோல்ட்டை எட்டுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. நம் கண்ணுக்கு அது இமைப்பொழுது. ரவுட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர் அவ்வளவு நேரம்கூடத் தாங்காது. சோதனை எளிது: எல்.இ.டி. விளக்கைச் செருகி எரியவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். விளக்கு கண்சிமிட்டினால் இடைவெளி இருக்கிறது. மறுபடி சுவிட்சைப் போடும்போதும் பாருங்கள். சிலவற்றில் போகும்போது சிமிட்டாது, வரும்போது சிமிட்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம். உங்கள் ரவுட்டர் 12 வோல்ட் கேட்பது என்றால், நீங்கள் இரண்டு விதக் கேபிள்களில் ஒன்றைப் போட்டிருப்பீர்கள். 5 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் கேபிள் ஒன்று. பவர் பேங்க்கிடமே ‘எனக்கு 12 வோல்ட் கொடு’ என்று கேட்டு வாங்கும் ட்ரிக்கர் கேபிள் மற்றொன்று. இரண்டாவது கேபிளில்தான் வில்லங்கம். பல பவர் பேங்க்குகள் தாங்களே சார்ஜ் ஏறும்போது வேகச் சார்ஜை நிறுத்திவிட்டு, கேபிள் செருகும் எல்லா வாசலிலும் (போர்ட்) 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். கரண்ட் வந்ததும் ரவுட்டருக்கு 12-க்குப் பதில் 5 கிடைத்து அது படுத்துவிடும். இதற்கு மேல், டைப்-சியின் வேகச் சார்ஜ் முறையான பி.டி.யில் (பவர் டெலிவரி) 5, 9, 15, 20 வோல்ட்தான் வழக்கமான படிகள். 12 எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை. உயர்த்தும் கேபிள் இந்த விஷயத்தில் நம்பகமானது.

இடைவெளி இருக்கும் பவர் பேங்க்கை எதைக்கொண்டும் திருத்த முடியாது. ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். வாங்குவதே சரியான வழி. அதில் பேட்டரி எப்போதும் வெளிவாசலோடு இணைந்தே இருக்கும்படி அமைப்பு, அதனால் மாறும் நேரம் என்று ஒன்று இல்லை. வாங்கும் முன் ரவுட்டரின் பழைய அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர், பின்னின் நடுவில் இருப்பது பாசிட்டிவ்தானா. 9 வோல்ட் ரவுட்டரில் 12-ஐச் செருகிவிட்டு என்னிடம் கொண்டுவந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நாள் பூராவும் செருகியிருந்தும் நிறையவில்லை, இறங்கவும் செய்கிறது

“அண்ணா, ராத்திரி பூரா கரண்ட் இருந்துச்சு, பிளக்கும் கழட்டல. காலையில பார்த்தா ஒரு புள்ளிதான் எரியுது” என்று கட்டபெட்டிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தான். பவர் பேங்க் 10000 எம்.ஏ.எச். அடாப்டர் பழைய போனோடு வந்தது, 5 வோல்ட் 1 ஆம்பியர். பவர் பேங்க்கில் குற்றமே இல்லை. கணக்கைப் பாருங்கள்.

10000 எம்.ஏ.எச். என்பது செல்லின் 3.7 வோல்ட்டில் எழுதிய கணக்கு. அந்த 10 ஆம்பியர்–மணியை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட்–மணி. ரவுட்டர் 12 வோல்ட்டில் 0.55 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம், அது 6.6 வாட். உயர்த்தும் கேபிளில் கொஞ்சம் வீணாகி, பவர் பேங்க்கின் 5 வோல்ட் வாசலில் 7.5 வாட்டாக நிற்கும். டெஸ்டரில் 1.5 ஆம்பியர் காட்டும். அது செல்லிலிருந்து வரும்போது இன்னும் பத்து சதவீதம் வீணானால், செல்லின் தலையில் விழுவது 8.3 வாட்.

இப்போது வரவு. 5 வாட் அடாப்டர், அதிலும் பத்து சதவீதம் வீண், செல்லுக்கு வருவது 4.5. ஒவ்வொரு மணி நேரமும் 3.8 வாட்–மணி குறைகிறது. நிறைந்த பவர் பேங்க்கைச் செருகினாலும், கரண்ட் இருக்கும்போதே சுமார் பத்து மணி நேரத்தில் காலி.

அடாப்டரை 5 வோல்ட் 2 ஆம்பியராக மாற்றினால்? வரவு 9, செலவு 8.3. ஏறத்தான் செய்யும், ஆனால் காலியாக இருந்து நிறைய ஐம்பது மணி நேரத்துக்கு மேல். நம் மலையில் ஐம்பது மணி நேரம் இடைவிடாமல் கரண்ட் இருக்கும் மழைக்காலத்தை நான் பார்த்ததில்லை. இதே அடாப்டரும் ரவுட்டரும் இரண்டாம் வகைப் பவர் பேங்க்கில் இருந்தால் நிலைமை வேறு. 10 வாட்டில் 7.5 நேராக ரவுட்டருக்குப் போகும், மிச்சம் 2.5, அதில் செல்லுக்கு 2.25. பதினாறு பதினேழு மணி நேரத்தில் நிறைந்துவிடும். இரண்டு முறை மாற்றுவதில் வீணாவது எவ்வளவு பெரிய வித்தியாசம் தருகிறது என்று பாருங்கள்.

ஆகவே செய்ய வேண்டியது: 18 வாட் அல்லது அதற்கு மேல் தரும் அடாப்டர், அதை வாங்கத் தெரிந்த பவர் பேங்க், இரண்டும் ஒரே வேகச் சார்ஜ் முறையைப் பேசுகின்றனவா என்ற சோதனை. டெஸ்டரை அடாப்டருக்கும் பவர் பேங்க்குக்கும் நடுவே வையுங்கள். 9 வோல்ட் காட்டினால் பேச்சுவார்த்தை முடிந்தது என்று அர்த்தம். பிறகு ரவுட்டரைச் செருகிவிட்டு மறுபடி பாருங்கள். 5 வோல்ட்டுக்கு விழுந்தால், அந்தப் பவர் பேங்க் பாஸ் த்ரூவின்போது வேகச் சார்ஜ் எடுக்காத ரகம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கரண்ட் இருக்கும் நேரத்தில் ரவுட்டரை அதன் சொந்த அடாப்டரிலேயே ஓட்டிவிட்டு, கரண்ட் போனால் மட்டும் பவர் பேங்க்குக்கு மாற்றுவது நல்லது. மறுதொடக்கம் ஆகும்தான். பேட்டரியாவது கையில் நிறைந்திருக்கும்.

இதே கணக்கில் இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது. கரண்ட் இல்லாமல் இந்த ரவுட்டர் எவ்வளவு நேரம் ஓடும்? 37-ஐ 8.3-ஆல் வகுத்தால் நாலரை மணி நேரம். பவர் பேங்க் கொஞ்சம் பழசென்றால் நாலு. பெட்டியில் 10000 என்று எழுதியிருப்பதை ரவுட்டரின் 0.55-ஆல் வகுத்து பதினெட்டு மணி நேரம் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் ஏமாற்றுகிறார்கள் என்று திட்டுகிறார்கள்.

அடாப்டரைச் செருகியதும் வெளியே போகும் கரண்ட் நின்றுவிடுகிறது

உங்களுடையதில் பாஸ் த்ரூ இல்லை. பாதுகாப்புக்காகவே அப்படித் தயாரிப்பவர்கள் உண்டு. மாற்று வழி தேடாதீர்கள்.

ஆனால் ஒரு கணம் நின்று மறுபடி வருகிறது என்றால் அது வேறு: உள்ளே வரும் வோல்ட்டைப் பேசி முடிப்பதற்காக எல்லா வாசலையும் ஒருமுறை அணைத்துப் போடுகிறது. போனுக்கு இதனால் நஷ்டமில்லை. கேமராவும் ரவுட்டரும் மறுதொடக்கம் ஆகும்.

கரண்ட் போய் அரை நிமிடத்தில் விளக்கோ சென்சாரோ அணைகிறது

கரண்ட் இருக்கும்வரை நன்றாக எரியும். போனதும் உடனே அணையாது, அரை நிமிடம் எரிந்துவிட்டு அணையும். பொத்தானை அழுத்தினால் மறுபடி அரை நிமிடம். இப்படி இருந்தால் காரணம் ஒன்றுதான். வெளியே இழுக்கும் கரண்ட் 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால், ‘போன் நிறைந்துவிட்டது’ என்று நினைத்துப் பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்கிறது. சார்ஜ் ஏறும்போது பல பவர் பேங்க்குகள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை, அதனால் கரண்ட் இருக்கும்வரை கோளாறு தெரிவதில்லை.

சில மாடல்களில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த கரண்ட் நிலைக்குப் போகும், அது சில மணி நேரம் தாங்கும். கையேட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது வாசலில் ஒரு சிறிய விளக்கைச் சேர்த்து இழுக்கும் அளவைக் கூட்டலாம். ராத்திரி நடைபாதைக்கு வெளிச்சமும் ஆச்சு.

கேமரா அடிக்கடி விழுகிறது, குட்டிக் கணினியில் மின்னல் குறி தோன்றுகிறது

கேபிளைச் சந்தேகப்படுங்கள். காட்டெருமை வருவதைப் பார்க்க கேரட் தோட்டத்து ஓரத்தில் கேமரா வைத்துவிட்டு, வீட்டிலிருந்து மூன்று மீட்டர் மெல்லிய கேபிள் இழுத்திருப்போம். போய்வரும் கம்பியில் 0.3 ஓம் தடை இருந்தாலே, 2 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். மிச்சம் 4.4. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னல் குறி காட்டும். பகலில் சரியாக இருந்து, அகச்சிவப்பு விளக்குகள் எரியும் ராத்திரியில் மட்டும் கேமரா விழுகிறதென்றால் இது உறுதி. தடித்த, குட்டையான கேபிளைப் போட்டு, பவர் பேங்க்கைக் கேமராவுக்குப் பக்கத்தில், மழை படாத பெட்டியில் வையுங்கள்.

நம் ஊர் மூடுபனிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கேபிளின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளைப் பாத்திரத்தில் ஏறுமே, அந்தப் பச்சைக் களிம்பு முனைகளில் தெரிந்தால் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். பவர் பேங்க்கின் வாசலிலேயே தெரிந்தால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள்.

விடியற்காலையில் சார்ஜ் ஏற மறுக்கிறது, பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிறது

சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு புரியாது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகிற உறைபனி நாட்களில் வரும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கமும் அப்படித்தான்.

லித்தியம் அயனி செல்லை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. குளிரில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அந்தப் படிவு திரும்ப முழுதாகக் கரையாது. கொள்ளளவு போகும், உள்ளுக்குள்ளே ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. அதனால் நல்ல பவர் பேங்க்கில் வெப்ப உணரி வைத்து, 0 முதல் 10 டிகிரி வரை சார்ஜைக் குறைத்தும், அதற்குக் கீழே அடியோடு நிறுத்தியும் விடுவார்கள். சார்ஜ் ஏறவில்லையே என்று கோபப்படாதீர்கள். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. கவலைப்பட வேண்டியது, அந்தக் குளிரிலும் ஒன்றும் நடக்காததுபோல் ஏறிக்கொண்டிருக்கும் மலிவான பவர் பேங்க்கைப் பற்றித்தான்.

கரண்ட் கொடுப்பதற்குக் குளிர் அவ்வளவு தடையில்லை. கொள்ளளவு குறைந்து தெரியும், அவ்வளவுதான். எனவே தகரக் கொட்டகையில், ஜன்னல் விளிம்பில், வண்டிக்குள் வைத்ததை வீட்டுக்குள் கொண்டுவந்து அரை மணி நேரம் சும்மா வையுங்கள். அடுப்பங்கரை ஆவியில் வைத்தால் குளிர்ந்த உறைமேல் நீர் கோத்து வாசலுக்குள் இறங்கும். ஹீட்டர் முன்னாலும், கணப்புக்குப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம்.

கை வைக்க முடியாமல் சுடுகிறது

மேலே போட்ட முதல் வகைக் கணக்கில், ஏற்றும்போது ஒரு வாட்டும் இறக்கும்போது முக்கால் வாட்டுக்கு மேலும் சூடாகவே வீணாகிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் இது சும்மா இருக்காது. வெதுவெதுப்பு இயல்பு. தொட்டால் கையை எடுத்துவிடத் தோன்றினால் இயல்பல்ல. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது செல்லைக் கிழடாக்கும். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கம்பளிக்குள் வைத்துச் சார்ஜ் போடுகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். கல், டைல்ஸ், தகரம் இவற்றின் மேல் வையுங்கள். மெத்தையிலும் துணியிலும் வைக்காதீர்கள்.

போன் பவர் பேங்க்குக்குச் சார்ஜ் ஏற்றுகிறது

இரண்டு பக்கமும் டைப்-சி என்றால் யார் கொடுப்பது, யார் வாங்குவது என்பதைக் கருவிகளே பேசி முடிவு செய்யும். சில நேரம் முடிவு தலைகீழாகிவிடும். கேபிளைக் கழற்றி, பவர் பேங்க்கின் பொத்தானை அழுத்திவிட்டுச் செருகுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் பழைய அகன்ற வாசலிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளைப் போடுங்கள். அதில் திசை மாறாது. மலிவு விலை எமர்ஜென்சி விளக்கு, டிரிம்மர் போன்றவை டைப்-சி கேபிளில் ஏறாமல் இந்தக் கேபிளில் மட்டும் ஏறுவதற்கும் காரணம் உண்டு: ‘நான் வாங்குகிறவன்’ என்று அடையாளம் சொல்லும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிட்டார்கள்.

நாலு புள்ளியும் எரிகிறது, கரண்ட் போனால் பத்து நிமிடம்தான்

சார்ஜ் ஏறும்போது செல்லின் அழுத்தம் உண்மையைவிட உயர்ந்தே தெரியும். வோல்ட்டை மட்டும் பார்க்கும் புள்ளி விளக்கு ஏமாந்துவிடும். கழற்றிப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள், அதுதான் உண்மை நிலவரம்.

ஆறவிட்ட பிறகும் நாலு புள்ளி காட்டி, பத்து நிமிடத்தில் காலியானால் செல் முதுமை அடைந்துவிட்டது. மாதக்கணக்கில் 4.2 வோல்ட்டிலேயே, அதுவும் சூட்டோடு நிறுத்திவைப்பதுதான் பெரும்பாலும் காரணம். முதல் வகையில் இன்னொரு சங்கடமும் சேரும். சார்ஜ் கரண்ட் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் சார்ஜர் ‘போதும்’ என்று நிறுத்தும். ரவுட்டர் அதே செல்லிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த அளவுக்குக் குறையவே குறையாது. விளக்கு விடிய விடியச் சிமிட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் பாதுகாப்பு டைமர் தீர்ந்து, பிழை காட்டி நின்றுவிடும். கழற்றிச் செருகினால் சரியாகும், நாளைக்கு மறுபடி வரும்.

அடாப்டருக்கு ஒரு டைமர் சாக்கெட் போட்டு, நாளில் சில மணி நேரம் மட்டும் ஏறும்படி வைத்தால் ஆயுள் கூடும். மழை இல்லாத மாதங்களில் பாதி சார்ஜில் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

லோ வோல்டேஜால் கெட்டது என்று சொல்பவர்களுக்கு: அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் குறைந்த அழுத்தம் அதை ஒன்றும் செய்யாது. சித்திரை, ஐப்பசி இடிமழையில் செருகியபடி விடுவதுதான் ஆபத்து. இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள், பவர் பேங்க் அதற்காகத்தானே இருக்கிறது.

வயிறு உப்பியிருக்கிறது

இதில் சோதனை எதுவும் இல்லை. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்று இறக்காதீர்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. எரியாத இடத்தில், தகர டப்பாவில் மணல் போட்டு அதற்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே கூரைக்குக் கீழே வையுங்கள். குப்பைத் தொட்டியிலோ தேயிலைத் தோட்டத்துப் பள்ளத்திலோ போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. வாங்கிய கடையிலோ மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ கேளுங்கள். அடுத்ததை வாங்கும்போது பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர அமைப்பின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் உறையில் இருக்கிறதா பாருங்கள். எல்.இ.டி. விளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், சுவிட்ச் அணைக்கும் சோதனையைக் கடையிலேயே செய்து பார்த்துவிடுங்கள்.

ரவுட்டர் எரிகிறது, பவர் பேங்க் நிறைந்திருக்கிறது, நெட் மட்டும் இல்லை

ரவுட்டரில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா? ஃபைபர் வழியாக ஒளி வரவில்லை. கம்பியை அறுத்த அதே மரம் ஃபைபரையும் அறுத்திருக்கும். அந்தச் சிவப்பு விளக்கு எரியாமல் இருந்தும் நெட் இல்லையென்றால், ஃபைபர் பெட்டி தனியாக இருக்கும் வீடுகளில் அதற்கும் பவர் பேங்க் கொடுத்தீர்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால், உங்கள் ஆபரேட்டரின் பக்கம் பேட்டரி தீர்ந்திருக்கும். போன் போட்டு அவரைக் கேளுங்கள்.